என் மகளின் முதல் அரசு வேலை

2020 மே மாதம் என் மகளுக்கு அரசு மருத்துவமனையில் செவிலியர் பணிக்கான ஆணை வந்தது. சாதாரண காலமாக இருந்தால் தெருவுக்கே இனிப்பு கொடுத்திருப்போம். அன்றைக்கு இனிப்புக் கடைகள் அடைத்துக் கிடந்தன. திறந்திருந்தாலும் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? பணியிடம் சென்னை. கோயம்பேடு சந்தைக்குப் போய் வந்தவர்கள் மூலம் மாவட்டம் மாவட்டமாகக் கொரோனா பரவிக்கொண்டிருந்த நாள்கள் அவை. சென்னையில் பிழைக்கப் போனவர்கள் மூட்டை முடிச்சுகளோடு இரு சக்கர வாகனத்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் எதிர்த்திசையில் போக வேண்டும்.

ஆணையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆறு மாத ஒப்பந்தம். மாதம் 14,000 ரூபாய் தொகுப்பூதியம். மூன்றாண்டுப் பட்டயப் படிப்பை முடித்து, 2019-இல் போட்டித் தேர்வும் எழுதித் தேறியவள். அந்தப் பட்டியலிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். அதற்கு முன் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கொஞ்ச காலம் இருந்தாள். அங்கே கொடுத்தது இதில் பாதிதான் வரும். ஆகவே 14,000 எங்களுக்குப் பெரிய தொகை. அது எங்களுக்குப் பெரிய தொகை என்பது கொடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில், சின்னாளப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ரேஷன் கடை விற்பனையாளர் நான். வீட்டுக்காரர் சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுபவர். ஊரடங்கு அறிவித்த நாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை, எனக்கோ இரண்டு மடங்கு வேலை. ஏப்ரல் மாதம் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுக்கச் சொன்னார்கள். மாநிலத்தில் அப்படிப்பட்ட அட்டைகள் 2 கோடிக்கும் மேல். கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தோம். வட்டத்துக்குள் பையும் செருப்பும் செங்கல்லும் ஒழுங்காக இடைவெளி விட்டு நின்றன. மனிதர்கள் எல்லாரும் வேப்பமரத்து நிழலில் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். பொருளைக் கட்டிக் கொடுக்கும் கட்டுநரும் நானும் ஆளுக்கு ஒரு துணி முகக்கவசத்தைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு எடை போட்டோம். எங்களுக்கு யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் சில்லறை எண்ணுவதில் கணக்குத் தவறியிருக்கும்.

கைதட்டல் என்றதும் நினைவு வருகிறது. மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5 மணிக்கு எங்கள் தெருவிலும் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து தட்டினார்கள். மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்வதற்காம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 19 அன்று சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லும் கட்டையுமாக ஆம்புலன்ஸைத் தாக்கியது. கடைசியில் இரவு வேளையில், போலீஸ் காவலோடு, உடன் வேலை பார்த்த மருத்துவர் ஒருவர் தாமே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளினார் என்று செய்தியில் படித்தோம். அடக்கத்தைத் தடுப்பவர்களுக்குச் சிறை என்று மாநில அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. என் மகளின் பணி ஆணை வந்தது இதற்குப் பிறகு.

வீட்டுக்காரர் போக வேண்டாம் என்றார். மூத்த நாத்தனார் போனிலேயே அழுதாள். எனக்குள் ஓடியது வேறு. 2018-இல், இவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது, கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிபா நோயாளியைப் பார்த்துக்கொண்ட லினி என்ற செவிலியர் அதே நோயில் இறந்துபோனார். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். கணவருக்கு அவர் எழுதிவைத்த கடிதத்தைப் பத்திரிகையில் படித்துவிட்டு விடுதியிலிருந்து இவள் என்னை அழைத்துப் பேசினாள். அந்தப் பேச்சு முழுக்க என் காதில் கிடந்தது. ஆனால் வாயைத் திறந்து "போகாதே" என்று என்னால் சொல்ல முடியவில்லை. தினமும் காலையில் கடையைத் திறந்து நூறு பேருக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறவள், எந்த முகத்தோடு சொல்வது? அதோடு, அவள் எங்களிடம் அனுமதி கேட்கவே இல்லை. இ-பாஸ் விண்ணப்பத்துக்கு ஆதார் நகல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுதான் கேட்டாள்.

பக்கத்து ஊர்களில் ஆணை வந்த வேறு இரண்டு பெண்களோடு வாடகைக் காரில் போனார்கள். திண்டுக்கல்லிலிருந்து சென்னை வரை 400 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஒரு டீக்கடைகூட இல்லை. புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாவட்ட எல்லையிலும் இறக்கி, நெற்றியில் வெப்பமானியைக் காட்டி, ஆணையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், பத்திரமாகப் போங்கள்" என்று போலீஸ்காரர்கள் அனுப்பினார்களாம். "அம்மா, அவர்கள் எங்களைச் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள்" என்று விழுப்புரத்துக்கு அருகிலிருந்து சொன்னாள். குரலில் அப்படி ஒரு பெருமிதம்.

வேலையைப் பற்றி அவள் முதலில் சொன்னதெல்லாம் உடையைப் பற்றித்தான். முழுக் கவச உடையைப் போடுவது சுலபம், கழற்றுவதுதான் பரீட்சை. கையுறை, அங்கி, கண்ணாடி, கடைசியாகத்தான் முகக்கவசம். ஒவ்வொன்றுக்கும் இடையில் கையில் கிருமிநாசினி. ஆறு மணி நேரம் வியர்வையில் ஊறி, தொண்டை வறண்டு, எப்போது கழற்றுவோம் என்று துடிக்கிற நேரத்தில்தான் அவசரப்படாமல் வரிசை தவறாமல் கழற்ற வேண்டும். உள்ளே போனால் தண்ணீர் குடிக்க முடியாது, கழிவறைக்குப் போக முடியாது. மாதவிலக்கு நாள்களில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "பெரியவர்களுக்கான டயப்பர்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கண்ணாடி ஆவி படர்ந்து மங்கிவிடும். கையில் இரண்டு அடுக்குக் கையுறை. அந்த நிலையில் எழுபது வயதுப் பாட்டியின் கையில் நரம்பு தேடி, மருந்து ஏற்றும் ஊசிக்குழாயான வென்ஃப்ளான் போட வேண்டும். கண்ணை நம்பக் கூடாது, விரலால் அமுக்கிப் பார்த்து, அது எம்பிக் கொடுக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பாள். மதுரையில் இருந்தவரை மூத்த செவிலியர் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்ததைத்தான் செய்திருக்கிறாள். இங்கே மூத்தவர்களில் பாதிப்பேர் தனிமைப்படுத்தலில். சேர்ந்த வாரத்திலேயே இரவுப் பணியில் ஒரு வார்டை ஏறக்குறைய இவளே பார்த்துக்கொண்டாள். எல்லாருமே வெள்ளை உடைக்குள் ஒன்றுபோல் இருப்பதால் நெஞ்சில் ஸ்கெட்ச் பேனாவால் பெயரை எழுதிக்கொள்வார்கள். எழுத்தறியாத ஒரு பெரியவர் தினமும் இவளை அடையாளம் கண்டுகொண்டாராம். எப்படி என்று கேட்டதற்கு, "நீதானே பாப்பா செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாய்" என்றாராம். சின்ன வயதிலிருந்து அந்த நடைக்காக அவளைத் திட்டிக்கொண்டிருப்பவள் நான்.

நோயாளிக்குத் துணையாக வீட்டார் யாரும் உள்ளே வர முடியாது. ஆகவே ஊட்டிவிடுவது, துடைப்பது, படுக்கையை மாற்றுவது, வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டு முகத்தைக் காட்டுவது எல்லாம் இவர்கள் தலையில். இந்த வேலைகளை வீட்டில் செய்யச் சொன்னால் முகம் சுளித்த பெண்தான். அங்கே செய்தாள். அன்பினால் செய்தாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அவளைக் கேட்டால், நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும், அதனால் செய்தேன் என்பாள். எனக்கு அந்தப் பதில்தான் பிடித்திருக்கிறது.

ஒரு நாள் இரவு அழைத்தாள், பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. யாரோ போய்விட்டார் என்று புரிந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அந்த மாதம் துவரம் பருப்பு இன்னும் கிடங்கிலிருந்து வரவில்லை என்று ஆரம்பித்தேன். வந்தாலும் மூட்டைக்கு ஒரு கிலோ குறைகிறது, மேற்கு வீதிக் கிழவி பாமாயில் பாக்கெட்டை மாற்றித் தரச் சொல்லி மல்லுக்கு நின்றாள், பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன நிறம் அம்மா?" என்றாள். "இரண்டு சாம்பல், ஒன்று வெள்ளை." "சரி, தூங்குகிறேன்" என்று வைத்துவிட்டாள். இறந்தவர் யார், எந்த வயது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

2020-ஐச் செவிலியர் ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்ததாம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து அந்த மே 12-உடன் 200 ஆண்டுகள். அந்த அம்மையாரைக் கையில் விளக்கோடுதான் எல்லாரும் வரைகிறார்கள். போர் மருத்துவமனையில் காயத்தைவிடத் தொற்றுநோயால் செத்தவர்கள்தான் அதிகம் என்று கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, அரசாங்கத்தின் முகத்துக்கு முன் நீட்டியவரும் அவர்தான் என்பதை மகள் சொல்லித்தான் அறிந்தேன். கணக்குப் பிள்ளை வேலை பார்க்கிற எனக்கு விளக்கைவிட அந்த வரைபடம்தான் பெரிதாகத் தோன்றியது. இந்தியாவில் செவிலியர் பயிற்சிப் பள்ளி முதன்முதலில் தொடங்கியது 1871-இல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் என்றும் அவள்தான் சொன்னாள். அப்படியானால் இந்தத் தொழில் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கண்டதுபோல்தான் இவர்களைப் பார்க்கிறது: ஒன்று கும்பிடுகிறது, இல்லையென்றால் ஒதுங்கி நிற்கிறது.

ஒதுங்கி நின்றதற்கு எங்கள் தெருவே சாட்சி. செப்டம்பர் 7-க்குப் பிறகு மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கியதும் விடுப்பில் வந்தாள். பரிசோதனை செய்து, தொற்று இல்லை என்ற சான்றோடுதான் வந்தாள். அப்படியும் தெருக்குழாயில் நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது எதிர்வீட்டு மதினி, "நீங்கள் கடைசியாகப் பிடித்துக்கொள்ளுங்களேன்" என்றாள். பெண் கேட்டு வைத்திருந்த ஒரு வீட்டார், இந்த வேலையை விட்டுவிட்டால் பேசலாம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தரகருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை போடவில்லை.

பிறகு 2021. ஜனவரி 16 அன்று தடுப்பூசி தொடங்கியது, முன்வரிசையில் போட்டுக்கொண்டாள். ஓய்ந்தது என்று நினைத்த வேளையில் ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தது. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. சென்னையில் மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதையும், ரெம்டெசிவிர் மருந்துக்காக ஜனங்கள் வெயிலில் காத்துக் கிடந்ததையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆக்ஸிஜன் என்ற சொல் எங்கள் கடை வாசல்வரை வந்துவிட்டது.

அந்த நாள்களில் அவள் ஒரு கணக்கைச் சொன்னாள். ஆளுயரப் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கும். பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் ஏழே முக்கால் மணி நேரம் தாங்கும். மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தும் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வைத்தால் இரண்டு மணி நேரம்கூட வராது. பிரதான குழாயில் அழுத்தம் குறைந்தால் எந்தப் படுக்கைக்கு எது, எத்தனை நேரத்துக்கு என்று தலைக்குள் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஐம்பது கிலோ மூட்டையை எத்தனை அட்டைக்குப் பங்கிடலாம் என்று ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டவள் நான், எனக்கு உடனே விளங்கியது. என் கணக்கு தவறினால் ஒருவர் அடுத்த நாள் வருவார், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்குத்தான், இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பது எனக்கு உறைத்தது. அதுவரை அவள் பட்ட கஷ்டத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதே மே மாதத்தில் ஒரு நடு இரவு. எதிர்வீட்டு மதினி கதவைத் தட்டினாள். அவள் வீட்டுக்காரருக்கு, எனக்கு அண்ணன் முறை, மூச்சு வாங்குகிறது. 108-க்குச் சொல்லியாகிவிட்டது, வர நேரமாகும் என்கிறார்கள். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் ஆக்ஸிமீட்டர், கிராம சுகாதார செவிலியர் கொடுத்து வைத்திருந்தது, என்னிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், மகளை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர்கள் வாசற்படியில் நின்றேன். நல்லவேளை, இரவுப் பணி இல்லாமல் விடுதியில் இருந்தாள்.

"அத்தை, மாமாவின் விரலை முதலில் நன்றாகத் தேய்த்துச் சூடாக்குங்கள். இப்போது மாட்டுங்கள். எண் நிலையாக நின்ற பிறகு சொல்லுங்கள்."

"எண்பத்தொன்பது, பாப்பா."

"சரி. அவரைக் குப்புறப் படுக்க வையுங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை. நெஞ்சிலிருந்து தொடை வரை இரண்டு. முழங்காலுக்குக் கீழே ஒன்று. தலையணை போதாவிட்டால் சேலையை மடித்து வையுங்கள். சன்னலைத் திறந்துவிடுங்கள்."

மதினி அழத் தொடங்கினாள்.

"அத்தை, அழுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா? என்ன மாத்திரை? சீட்டை எடுத்து அம்மாவிடம் கொடுங்கள், அம்மா படம் எடுத்து அனுப்பு. ஆம்புலன்ஸ் வந்ததும் அந்தச் சீட்டும் கையில் இருக்க வேண்டும்."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அதட்டல் இல்லை, கொஞ்சல் இல்லை, பயமும் இல்லை. எண் தொண்ணூற்றிரண்டுக்கு ஏறியது. விடியும் நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது, அண்ணன் சில வாரங்களில் பிழைத்து வீடு வந்தார். குழாயடிப் பேச்சைப் பற்றி நானும் எடுக்கவில்லை, மதினியும் எடுக்கவில்லை. மறுமாதம் முதல் தன் குடத்தோடு என் குடத்தையும் அவளே நிரப்பி வைக்கிறாள்.

அதே மாதத்தில் புதிய அரசு, கொரோனா பணியில் இருந்த செவிலியர்களுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. வாங்கினாள், வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்தது. நூறு நாள் கொரோனா பணி முடித்தவர்களுக்கு வழக்கமான அரசு நியமனங்களில் முன்னுரிமை தரப்படும் என்று பிரதமர் அலுவலகம் சொன்னது. இவள் முடித்தது நூறு நாளா? ஒப்பந்தம் ஆறு மாதம், மறுபடி ஆறு மாதம் என்று நீண்டு நீண்டு 2022 கடைசியில் இரண்டரை ஆண்டைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் இனி நிரந்தரம்தான் என்று யாராவது சொல்வார்கள்.

2022 டிசம்பர் 31-உடன் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பு இல்லை என்று அறிவித்தார்கள். இவளைப்போல் 2,000-க்கும் மேற்பட்டவர்கள். சேலத்திலும் சென்னையிலும் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். இவளும் போய் உட்கார்ந்தாள். மாவட்ட அளவில் 18,000 ரூபாய்க்கு மாற்றுப் பணி தருகிறோம் என்று பதில் வந்தது. சம்பளம் கூடுகிறதே, இன்னும் என்ன வேண்டும் என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. தேர்வு எழுதித் தேறிய ஒருத்திக்கு என்ன வேண்டும் என்பது, மகனுக்கு எழுத்தர் வேலை நிரந்தரமானபோது கெடா வெட்டி விருந்து வைத்தவர்களுக்குத் தெரியாதா என்ன? தீவிர சிகிச்சைப் பிரிவில் கற்ற கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதற்கும் அந்த 18,000-இல் பதில் இல்லை. அவள் அதை ஏற்கவில்லை.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு வென்ஃப்ளான் போடக் கற்றுக்கொடுப்பது இவள்தான். அந்தப் பிள்ளைகள் கண்ணை மட்டும் நம்புகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறாள். மாலையில் ஜெர்மன் வகுப்பு. அங்கே செவிலியராக முழு அங்கீகாரம் பெற மொழித் தேர்வில் பி-2 நிலை வரை தேற வேண்டுமாம். ஜெர்மன்காரர்களுக்குக் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. இதை மனப்பாடம் செய்கிறவளைப் பார்த்தால் சிரிப்பாக வருகிறது. வீட்டுக்காரர் அவ்வளவு தூரமா என்று மறுபடி ஆரம்பித்திருக்கிறார். நம் ஊர் ஜனங்களுக்குச் சேவை செய்யாமல் வெளிநாட்டுக்கு எதற்கு என்று உறவினர்களும் கேட்கிறார்கள். கேட்பவர்களிடம் 2022 டிசம்பர் 31 அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். அதற்கு முந்தைய பி-1 தேர்வு அடுத்த மாதம். கட்டணத்தை நான்தான் கட்டினேன்.